அரைச்சுற்றுக்காரர்

கைகழுவும் குழாயை அரைச்சுற்று மூடிவிட்டு நிற்கிறார். தண்ணீர் மெலிகிறது. அதைப் பார்த்தபடி ஒரு மூச்சு விடுகிறார். பிறகு இன்னொரு அரைச்சுற்று. பின்னால் எச்சில் கையோடு காத்திருக்கும் விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"என்ன மாமா, குழாய்கிட்ட பேச்சுவார்த்தையா?" என்கிறான் உறவுக்கார மருமகன் ஒருவன்.

"எதையும் படக்குனு மூடக்கூடாதுப்பா" என்கிறார் இவர், சிரிக்காமல்.

அவர் கால்வாயின் மேல்மதகுக் காவலர். இரும்பு ஷட்டரை ஏற்றி இறக்கும் சக்கரம் ஒன்று. அதைச் சுற்றுவதுதான் வேலை. அரைச்சுற்று, ஓய்வு, அரைச்சுற்று. அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் அப்படியேதான் இருக்கிறது. கதவுத் தாழ்ப்பாளையும் ஊறுகாய் ஜாடி மூடியையும்கூட அப்படித்தான் திறப்பார். ஊர் சும்மா இருக்குமா? 'அரைச்சுற்றுக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டது.

கை நிதானம் என்றால் கால் நேர் எதிர். நின்ற இடத்தில் நில்லாது. தேநீரை நடந்துகொண்டே குடிப்பார். பாதி தெருவுக்குப் போகும். முடிதிருத்தும் கடையில் ஒருமுறை தண்ணீரின் சத்தம் மாறியது காதில் விழுந்து, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு எழுந்து ஓடினார். ஷட்டரில் வாழைமட்டை சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் நுரை காய்ந்துவிட்டது. "இவர் உட்கார்ந்து நான் பார்த்தது போட்டோவுலதான்" என்பார் அவர் மனைவி. "அதுவும் போட்டோக்காரர் தோளை அழுத்திப் புடிச்சதால."

அந்தக் கால்வாயைப் பஞ்சகாலத்தில் வெட்டினார்கள். கூலி தானியமாகக் கிடைத்ததால் குடும்பம் குடும்பமாக வந்து மண் சுமந்தார்கள். முதலில் படகுகள் ஓடின. சுண்ணாம்பு, செங்கல், மரம், சிலசமயம் மணப்பெண்கூட அதில்தான் வந்தாள். சாலை போட்டதும் சரக்கு லாரிக்கு மாறிற்று. பிறகு அது வயலுக்கான தண்ணீரானது. இப்போது பாதி குழாய் வழியாக நகரத்துக்குக் குடிக்கப் போகிறது. வேலை மாற மாறக் கரையில் வீடுகள் முளைத்தன. கரையில் யாரும் குடியிருக்கக்கூடாது என்று பலகை இருக்கிறது. அந்தப் பலகையில் துணி காய்கிறது.

அவர் தங்கையின் வீடும் அந்த வரிசையில்தான். இடத்தைக் காட்டியதே அண்ணன். "இங்க கட்டும்மா, மதகுல நின்னா உன் வாசல் தெரியும்" என்றாராம். தெரிகிறது. நாளுக்கு எத்தனை தடவை பார்க்கிறார் என்று அவருக்கே தெரியாது.

தங்கையின் கணவர் வேன் ஓட்டுகிறார். சொந்த வேன். கடைகளுக்குக் காய்கறி ஏற்றுவார். போன மழைக்காலம் முடிந்து கால்வாய் விளிம்பு தட்டிய ஒரு காலையில், சுமை இறக்கிவிட்டு வந்து வீட்டுக்கு மேல்புறம் சரிவில் வேனை நிறுத்திவிட்டுப் பல் துலக்கப் போனார். கைப்பிரேக் சரியாக விழவில்லை. வாயில் பிரஷ்ஷோடு அவர் திரும்பிப் பார்த்தபோது, வேன் யாரையும் கேட்காமல் மெல்ல நடந்துபோய்த் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கிரேன்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "கொக்கி மாட்டணும்னா ஆள் அடியில போகணும். இந்த இழுப்புல எவன் போவான்? தண்ணியை இடுப்புக்கு இறக்கிக் கொடுங்க, தூக்கிடறேன்."

வேன்காரர் மதகுப் படியில் மூச்சிரைக்க ஏறினார். "மச்சான், ஷட்டரைப் போட்டு மூடுங்க. ஒரே மூடு."

"சாயங்காலம் ஆகும் மாப்ளே."

"சாயங்காலமா? எஞ்சினுக்குள்ள தண்ணி போயிட்டிருக்கு! வண்டி போச்சுன்னா நான் உங்க தங்கச்சியைத் தலையில வெச்சுத்தான் சுமக்கணும்."

"இத்தனை நாளாக் கரை தண்ணியைக் குடிச்சிட்டு நிக்குது. இந்தப் பக்கம் தண்ணி தோள் கொடுத்துட்டிருக்கு. தோளைத் திடீர்னு எடுத்தா, குடிச்சவன் விழுவானா மாட்டானா?"

"விழற கதையெல்லாம் இன்னிக்கு எங்கிட்ட சொல்லாதீங்க மச்சான். காலையில இருந்து நானே விழுந்துதான் கிடக்கேன்."

மச்சான் சொல்வது வெறும் பேச்சில்லை என்பது வேன்காரருக்கும் தெரியும். கீழே 'சரிஞ்ச வளைவு' என்று ஒரு திருப்பம் இருக்கிறது. பழைய மதகுக்காரர், பாலத்தைப் பார்வையிட வந்த பெரிய மனிதர்களுக்காக, ஒரே காலையில் தண்ணீரை வடித்தார். மதியம் ஊறிய கரை மாட்டுக்கொட்டகையோடு உள்ளே போயிற்று. வளைவுக்குப் பெயர் அப்படி வந்தது.

இவர் மூடத் தொடங்கினார். அரைச்சுற்று, பிறகு கரையோடு நடை. தண்ணீர் மட்டம் காட்டும் அளவுக்கல்லைப் பார்ப்பார், மண்ணைக் குனிந்து பார்ப்பார், திரும்பி வந்து இன்னொரு அரைச்சுற்று. வெயில் ஏறிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சலித்து உட்கார்ந்தார்கள். கிரேன்காரர் தன் வண்டியின் நிழலில் படுத்தார். இவர் மட்டும் மதகுக்கும் தங்கை வீட்டுக்குமாகத் தறிநாடாபோல் ஓடிக்கொண்டிருந்தார்.

நடுவில் தங்கை வழிமறித்தாள். "ஊருக்கெல்லாம் திறந்துவிடற கை, கூடப் பொறந்தவளுக்குன்னா சுளுக்கிக்குமா?"

"வையி, நல்லா வையி. ஆனா நகரு."

"வண்டி போயிட்டா நாங்க எதைத் திங்கறது? உன் அரைச்சுத்தையா?"

 அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் கல்லுக்கும் பின்வாசலுக்கும் நடுவில், கரைக்கு இணையாக, தரையில் முடிபோல ஒரு கோடு. காலையில் அது இல்லை. ஒரு காய்ந்த குச்சியை ஒடித்து அந்தக் கோட்டில் நட்டார். இறுக்கமாக நின்றது.

"எதுக்குண்ணா இது?"

"மண்ணு வாயைத் திறந்தா குச்சி உள்ள விழும். அப்படின்னா கரை கிளம்பிருச்சுன்னு அர்த்தம். திரும்பத் தண்ணி விட்டு முட்டுக் கொடுக்கணும். நீ இங்கயே இரு. விழுந்தா வந்து சொல்லு."

அவள் குச்சியைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். திரும்பத் தண்ணீர் விட்டால் வேன் என்னாகும் என்று அவள் கேட்கவில்லை. அவர் மதகுக்கு நடந்தார்.

பிற்பகலில் வேனின் கூரை தெரிந்தது. கரையில் விசில் அடித்தார்கள். சற்று நேரத்தில் முன்கண்ணாடியும் மேலே வந்தது. வேன்காரர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பில் கயிறும் கையில் கொக்கியுமாக இறங்கினார். தண்ணீர் அவர் மார்பைத் தொட்டது. குனிந்து துழாவினார், மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டு எழுந்தார்.

"ஒரு சாண் மச்சான்! இன்னும் ஒரே ஒரு சாண் இறங்கட்டும், மாட்டிடறேன்!"

கிரேன்காரர் எழுந்து எஞ்சினை முடுக்கினார். மதகில் இவர் சக்கரத்தைப் பிடித்தார். நெஞ்சுக்குள் எதுவோ அவசரப்படுத்திற்று. ஒரு சாண்தானே, ரெண்டே சுற்று. இத்தனை நேரம் தாங்கிய கரை இதைத் தாங்காதா? கண் தானாக அந்த வாசலுக்குப் போனது. வாசலில் தங்கை இல்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் ஓடி வந்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. சக்கரத்தைப் பிடித்து எதிர்ப்பக்கமாக, திறக்கும் பக்கமாக, இழுத்தாள். அவள் பலத்துக்கு அது அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

"விழுந்துருச்சா?"

"துவைக்கிற கல்லும் சாஞ்சிருக்குண்ணா. இழு."

கீழே வேன்காரர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றுவது தெரிந்தது. எந்தப் பக்கம் சுற்றுகிறார்கள் என்பதும் புரிந்தது. "ஏய்! என்ன பண்றீங்க? கொக்கி கையில இருக்குடி!"

"வெளிய வாங்க! வீடு போகுது, வாங்க!" என்று அவள் கத்தினாள்.

அவர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தோளுக்கு வந்ததும் கிரேன்காரரும் இன்னும் சிலரும் கயிற்றைப் பிடித்து அவரைக் கரைக்கு இழுத்தார்கள். கொக்கியை விடாமலே வந்தார். புல்லில் முகம் குப்புறக் கிடந்தார்.

விரிசல் அதற்குமேல் வளரவில்லை என்பதெல்லாம் இருட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது வேன் ஒன்றுதான். முன்கண்ணாடி மறைந்தது. கூரையின் மேல் மெல்லிய தண்ணீர் ஏறி வழிந்தது.

தங்கை சக்கரத்தைப் பிடித்தபடி தலையைத் திருப்பி அதைப் பார்க்கப் போனாள். அவர் கையை எடுக்காமலே ஓர் எட்டு நகர்ந்து, அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் முதுகால் வேனை மறைத்து நின்றுகொண்டு இழுத்தார்.