மேலிடத்தின் முதுகு

கட்டட வேலைத்தளத்தில் அவரை 'மேலிடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேனின் உச்சியில், ஓர் ஆள் உட்காரும் கண்ணாடி அறையில் இருந்துகொண்டு, இரும்புக் கம்பிக் கட்டைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல இறக்கிவைப்பவர். குணமும் அப்படித்தான். "அடக்கமான மனுஷன்" என்று எல்லோரும் சொல்வார்கள். எதையெல்லாம் அடக்கினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அவர் இறங்கினால் கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். தண்ணீர்கூடத் தொண்டை நனைக்கிற அளவுக்குத்தான்.

முதுகு வலித்தது. சீட்டை மாற்றினார், மெத்தை போட்டார், பெல்ட் கட்டினார். வலி மசியவில்லை. ஒருநாள் வலியில் கை வெட்டி இழுக்க, தொங்கிய கம்பிக்கட்டு ஆடியது. இன்ஜினியர் கூப்பிட்டார்.

"அண்ணே, முதுகு சரியாகுற வரைக்கும் ஸ்டோர்ல உக்காருங்க. சரியாகலேன்னா அங்கேயே இருந்துடுங்க."

உயரத்தில் வாழ்ந்தவருக்கு ஸ்டோர் பாதாளம்.

எலும்பிலும் சிறுநீரகத்திலும் பழுதில்லை என்று பார்த்துவிட்ட டாக்டரம்மா, "வயிறு தினமும் ஒழுங்கா போகுதா?" என்று கேட்டார்.

"நான் முதுகுக்கு வந்தேன் டாக்டர்."

"போகுதான்னு கேட்டேன்."

"அதெல்லாம் கரெக்டா போகுது."

"கரெக்டா வாரத்துக்கு ரெண்டு தடவை," என்றார் கூட வந்திருந்த மனைவி. "அதுக்கும் உள்ள போனாருன்னா, நாங்க எல்லாரும் வெளிய கியூவுல நிக்கணும்."

"மலம் தேங்கினா வயிறு உப்பும். முக்கி முக்கி இடுப்பும் பிடிச்சுக்கும். வலி பின்பக்கம் தெரியும். எல்லா முதுகுவலிக்கும் இது காரணமில்ல, உங்களுதுக்கு இதுவும் ஒண்ணு. மருந்து தரேன். தண்ணி குடிங்க, காய்கறி, பழம் சாப்பிடுங்க. வந்தா உடனே போயிடுங்க, அடக்காதீங்க."

ஊர் மெச்சிய ஒரே குணத்தை விடச் சொன்னால் எப்படி?

ஸ்டோருக்குப் பக்கத்திலேயே கழிப்பறை. சில வாரங்களில் முதுகு இளகியது. கிரேனை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் மேலே கழிப்பறை இல்லையே. முதல் நாளே, கீழே கான்கிரீட்டுக்கு ஆட்கள் காத்திருக்கும் நேரமாகப் பார்த்து வயிறு அழைத்தது. சுமையைப் பதமாகத் தரையில் வைத்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார்.

"கிரேன் நிக்குது. நான் இறங்குறேன்."

"என்னண்ணே, கோளாறா?"

"இல்ல. கக்கூஸ் போறேன்."

தளம் முழுக்க எல்லா வாக்கி டாக்கியிலும் அது ஒலித்தது. "வழி விடுங்கடா, மேலிடம் வருது," என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. பேய்க்காற்றிலும் கை நடுங்காதவர் என்று பெயரெடுத்தவர், காது சிவக்க, ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான்.

திரும்பி வரும்போது இன்ஜினியர் எதிர்ப்பட்டார். "முதுகு எப்படிண்ணே?"

"ஸ்டோருக்கு வேற ஆள் பாருங்க," என்று சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்தார்.