104 பெரிதா, 401 பெரிதா?

போன மாதம் மூன்றாம் வகுப்பு முத்துமாரியின் சிலேட்டைப் பார்த்து நான் பயந்தே போனேன். சிலேட்டைப் பார்த்தா பயம் என்று சிரிக்காதீர்கள்... முழுசாகக் கேளுங்கள்.

ராஜபாளையத்தில் நான் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது இட மதிப்பு நடக்கிறது. ஒன்று, பத்து, நூறு. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் காட்டி, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். அப்படியும் 'நூற்று ஏழு' என்றால் பாதிப் பேர் 1007 என்று எழுதுவார்கள். நூறை எழுதி, பக்கத்தில் ஏழு! பாவம், காதில் விழுந்ததைத்தானே எழுதுகிறார்கள்?

முத்துமாரியும் அந்தக் கட்சிதான். ஆனால் அன்றைக்கு நூற்று ஏழுக்கு 701 என்று எழுதியிருந்தாள். இருநூற்று முப்பத்தைந்துக்கு 532. பத்துக் கணக்கும் அப்படியே — ஒன்றுகூடப் பிசகாமல் தலைகீழ். 341 பெரிதா, 298 பெரிதா என்று கேட்டால் 298 என்கிறாள். தெரியாத பிள்ளை இவ்வளவு ஒழுங்காகவா தப்பு செய்யும்?

"ஏட்டி, யாரு சொல்லித் தந்தா?"

"ஜன்னல் அக்கா, டீச்சர். கம்பிக்கு நடுவுல புளியங்கொட்டை வச்சுச் சொல்லித் தருவாக. ஒண்ணுக்கு ஒரு சந்து, பத்துக்கு ஒரு சந்து, நூறுக்கு ஒரு சந்து."

"எந்த ஜன்னல்?"

"எங்க தெருக் கடைசியில ஒரு வீடு பூட்டிக் கெடக்குல்ல, அது. அம்மாட்ட சொன்னேன். பேயின்னு சொல்லி வேப்பிலை அடிச்சு விட்டாக."

அந்த வீட்டுக் கதவில் நம்பர் எழுதியதே நான்தான்! ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்களைத்தானே அனுப்புகிறார்கள்? பக்கத்து வீட்டில் குடியிருந்த அதன் சொந்தக்காரர், "பழைய சாமான்தான் கெடக்கு டீச்சர், ஆளு யாரும் இல்ல" என்றார். நானும் ஆள் இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன்.

இல்லாத ஆள் எப்படி ஐயா புளியங்கொட்டை வைக்கும்?

பேசாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஸ்கூல் விட்டதும் முத்துமாரி கையைப் பிடித்துக்கொண்டு போனேன். தெருவெல்லாம் நல்ல வெளிச்சம். அந்த ஜன்னல் மட்டும் ஒரு சாண் திறந்து, உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் கட்டையில், இடப்பக்கச் சந்தில் ஒரு கொட்டை. நடுச் சந்து காலி. வலப்பக்கம் நாலு.

"இது பாடம் இல்ல டீச்சர்," என்று கிசுகிசுத்தாள் முத்துமாரி. "பாடம் முடிஞ்சதும் மறுபடி இப்படி வச்சிருவாக. அவிய உள்ள இருக்குற நாளு. தெனம் ஒண்ணு கூடும்."

இருட்டுக்குள் இரண்டு கண்கள் அசைந்தன. நான் கத்தியதில் சொந்தக்காரரே ஓடி வந்துவிட்டார்.

"தங்கச்சிதான் டீச்சர்... மில்லுல எவன்கூடயோ பழகிட்டா. மூணு மாசந்தான் உள்ள வச்சிருக்கேன். புத்தி வந்துட்டா விட்டுருவேன்."

கொட்டைகளைப் பார்த்தேன். 104. மூன்று மாதமும் கொஞ்சமும். சரியாகத்தானே சொல்கிறார்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கெதற்கு என்று திரும்பி நடக்கக்கூடப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. முத்துமாரி எதையும் தலைகீழாக எழுதவில்லை. தெருவில் நின்று பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். வைத்தவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்? அவளுடைய நூறு, நமக்கு வலப்பக்கம்.

அது 104 இல்லை. 401.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸும் தெருப் பெண்களும் திரண்டு, போலீஸ் என்ற பேச்சு வந்த பிறகுதான் சாவி வெளியே வந்தது. செல்வராணி — அதுதான் அவள் பெயர் — சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணை மூடியபடி வந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சத்தம் போட்டு யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதாம்மா?"

"கூப்பிட்டேன் டீச்சர். நீங்க கதவுல நம்பர் எழுதுனீகல்ல, அன்னைக்கும் கூப்பிட்டேன். நீங்க செத்த நேரம் நின்னு கேட்டுட்டுத்தான் போனீக."

கேட்டதுதான். எலி என்று நினைத்துக்கொண்டேன்... அன்றைக்கு எனக்கு இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி இருந்தது.