சோறு இருக்கு, ஆத்தாவக் காணோம்

போன வருடத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மலேசியாவில் ரந்தாவ் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது இது. நான் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை பார்ப்பவள். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் மோட்டாரைத் திருப்புகிற ரகம். அப்படிப்பட்டவள் மண்டபத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பில் எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டதே அதிசயம். அதற்குமேல், மாரியம்மன் கோவிலுக்கு இணையப் பக்கம் நானே செய்து தருகிறேன் என்று வாயையும் விட்டிருந்தேன்.

தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் கெமாஸ் வரைக்கும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாருக்கும் அன்றைக்கே பக்கத்தை அனுப்பிவிட வேண்டும் என்று கோவில் செயலாளர் அண்ணன் வகுப்புக்கே வந்து என் பின்னால் நின்றுகொண்டார்.

ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பார்த்தேன். பிறகு பக்கத்தைத் திறந்தேன். தேதி வந்தது. தீமிதி நேரம் வந்தது. அன்னதானம் வந்தது.

“என்னாம்மா, சோறு இருக்கு, ஆத்தாவக் காணோம்லா!” என்றார் அண்ணன்.

கோவில் பேர் மட்டும் இல்லை. வெளியே குழாயடிக்கு ஓடி, கைகால் கழுவிக்கொண்டு வந்து மறுபடி திறந்தேன். அப்போதும் இல்லை.

“நேத்து கருவாடு ஆக்கினேண்ணே. ஆத்தா கோவிச்சிக்கிச்சி.”

“கோவிச்சா கம்பியூட்டர்லயாம்மா வந்து காட்டும்?”

கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொடுக்கும் மலாய்ப் பெண் எட்டிப் பார்த்தாள். “ஆடாலா, காக். ஆத்தாஸ் செக்காலி” என்றாள். இருக்கிறது அக்கா, எல்லாவற்றுக்கும் மேலே என்று அர்த்தம்.

“பாரு, அந்தப் பொண்ணே ஆத்தாங்குது!” என்று அண்ணன் சிரித்தார்.

அவள் விரல் வைத்த இடம், பக்கத்துக்கும் வெளியே, திரையின் உச்சியில் இருந்த சின்னப் பட்டை. அங்கே எறும்பு அளவில் மாரியம்மன் பேர்! கல்யாணப் பத்திரிகையில் முதல் வரி சாமிக்குத்தானே? அந்தப் பழக்கத்தில், டைட்டல் என்று போட்டிருந்த இடத்தில் பேரை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். டைட்டலில் எழுதுவது பட்டையில் மட்டும்தான் தெரியுமாம். பக்கத்திலேயே பெரிதாகத் தெரிய, ‘பாடி’ என்கிற பகுதிக்குள் ‘எச் ஒன்’ போட்டு எழுத வேண்டுமாம். அவள் சொல்லச் சொல்ல, நானே தட்டினேன்.

எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக அம்மன் பேர் வந்து நின்றது. அதுவரை கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த அண்ணன், சிலிப்பரைக் கழற்றிவிட்டுத் திரையைக் கும்பிட்டார். பிறகுதான் எல்லாருக்கும் அனுப்பினார்.

பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் ஏதாவது தப்பாகிவிட்டால், நான் என்ன பாவம் செய்தேன் என்று தேடுவதை விட்டுவிட்டு, எந்த வரியில் பிசகினேன் என்று பார்க்கிற வேலையை அந்தப் பயத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.