கருப்பட்டியும் கலந்த பொடி

கோவில்பட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்தில் எப்போதும்வென்றான் என்ற ஊரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் தன் கசாயப் பொடியைச் சோதிக்கக் கொடுத்திருந்தார். ஊதாநிறக் கரைசலில் மருந்துச் சாற்றை விடுவோம்; ஆன்டிஆக்சிடன்ட் சக்தி இருந்தால் ஊதா மறைந்து மஞ்சளாகும். அவர் பொடிக்குச் சீக்கிரமே மஞ்சளாகிவிட்டது.

“அமோகம் அண்ணாச்சி! பாக்கெட்டுலயே அச்சடிச்சிருங்க” என்றேன்.

அவர் யோசித்தார். “அதுல பாதி கருப்பட்டில்லா மேடம்? அதத் தனியாப் பாத்தீங்களா?”

பொடியில் என்னென்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. வெட்கத்தோடு கருப்பட்டியை மட்டும் கரைத்து ஊதாக் கரைசலில் விட்டேன். அதுவும் மஞ்சளானது.

மறுநாள் கருப்பட்டி சேர்க்காத பொடியைக் கொண்டுவந்தார். ஊதா கொஞ்சம் வெளிறியதோடு நின்றுவிட்டது. எனக்குத்தான் சொல்லச் சங்கடமாக இருந்தது. அவரோ சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“கொஞ்சம் இருக்குல்லா? அத மட்டும் எழுதுங்க. வாங்குதவிய என்னைய நம்பில்லா குடிக்காவ.”

‘கொஞ்சம் இருக்கிறது’ என்றே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிம்மதியாகப் போட்டது அதில்தான்.