மற்றப் போத்தலைக் கேட்டவர்

மத்தியான ரயிலில் தலைமன்னாருக்கு வந்திறங்கிய கருவாட்டு வியாபாரி ஒருவர்தான் எனக்குச் செய்தி சொன்னார். "உங்கட அப்போதிக்கரி மவுத்தாயிட்டார். அவரின்ர சொந்த ஊர் முருங்கனில நேற்று அடக்கியும் போட்டினம்." இரண்டு நாள் கழித்து எங்கள் பள்ளிக்கூடத்தில் அனுதாபக் கூட்டம் வைத்தார்கள். பேசிய மூவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: மீராசாகிபு அப்போதிக்கரி திருக்கை மீனின் முள் குத்திய வலிக்கு மூலிகை கண்டுபிடித்தவர். நான் எழுந்தேன். "இருங்கோ அண்ணை, பிறகு பேசலாம்" என்று இருத்திவிட்டார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. ஆகவே அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதிச் சொல்கிறேன். அவர் எந்த மூலிகையையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மூலிகை வேலை செய்யாது என்று கண்டுபிடித்தார். அந்த மூலிகை என் தகப்பனாருடையது.

மீராசாகிபு எங்கள் தலைமன்னார் ஆஸ்பத்திரியை நடத்திய உதவி வைத்தியர், நான் அங்கே ஓடர்லியாக, எடுபிடி ஆளாக இருந்தவன். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்பு. மிச்சத்தை மருந்துப் போத்தல்களின் லேபிளில் படித்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், என் மேலதிகாரி. என் தகப்பனார் சந்தியாப்பிள்ளைப் பரியாரியார், நாட்டு வைத்தியர். திருக்கை குத்தினால் கரை முழுவதும் அவரிடம்தான் ஓடிவரும். அடம்பன் வேரும் கண்டல் பட்டையும் போட்டுக் காய்ச்சிய கசாயத்தை ஆவி பறக்கக் காலில் ஊற்றுவார். பிள்ளைபோல அழுத ஆம்பிளை அரை மணித்தியாலத்தில் சுருட்டுக் கேட்பான். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒருநாள் தூரத்து மீன்வாடியில் குத்துப்பட்ட ஒருவனைப் பாதி நாள் வள்ளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மருந்து எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததால் அவன் வழி முழுவதும் கத்திக்கொண்டே வந்தான். அப்போதிக்கரி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணை, உங்கட அப்பரின்ர மருந்து உண்மையெண்டா ஒவ்வொரு வள்ளத்திலயும் ஒரு போத்தல் இருக்கவேணும். அதுக்கு முதல் உண்மையோ எண்டு பாக்கவேணும்." அன்றே வேரும் பட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தோற்கப்போவதை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கொழும்பிலிருந்து வெள்ளை எலிகள் ரயிலில் வந்தன. ஆஸ்பத்திரியின் பின்கொட்டில்தான் எங்கள் ஆய்வுகூடம். எலியின் வாலடியில் ரப்பர் குழாய் சுற்றிய சிறு கவ்வியை மாட்டுவோம். சும்மா விட்ட எலி உடனே திரும்பிக் கவ்வியைக் கடிக்கும். வலி தெரியாமல் செய்யும் மோர்பின் கொடுத்த எலி அதைக் கவனியாமல் முகம் கழுவிக்கொண்டிருக்கும். பாதி எலிக்குக் கசாயமும் மிச்சத்துக்கு மற்றப் போத்தலிலிருந்து நிறமூட்டிய தண்ணீரும் குடிக்கக் கொடுத்து, எத்தனை வினாடியில் திரும்புகிறது என்பதை எண்ணி எழுத வேண்டும். ஒவ்வொரு காலையும் கவ்வியை முதலில் தன் சுண்டுவிரலில் மாட்டிப் பார்ப்பார். "இது எனக்குத் தாங்காட்டி அதுக்கும் தாங்காது" என்று திருகைத் தளர்த்துவார். ஒரே எலிக்கு ஒரே நாளில் இரண்டு தரம் மாட்ட விடமாட்டார்.

முதல் வாரம் கசாயம் குடித்த எலிகள் வென்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து நின்று, நான் கவ்வி மாட்டுவதைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, கசாயம் குடிச்ச எலிக்கு வாலின்ர தடிச்ச இடத்தில மாட்டுறியள். மற்றதுக்கு மெல்லிசில மாட்டுறியள்."

"எலி பாவமெல்லோ?"

"எலிக்கு இரங்கேல்லை நீங்கள். அப்பருக்கு இரங்குறியள்."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அடுத்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கும் அம்மா இரண்டு போத்தலுக்கும் வெவ்வேறு நிறநூல் கட்டினார். எதில் கசாயம், எதில் நிறமூட்டிய தண்ணீர் என்பது அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியும். கடைசியில் எந்த நூல் எது என்று அவர் சொன்னபோது, இரண்டு போத்தல் எலிகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

நான் கத்தினேன். "அப்ப குணமாகிப் போன சனமெல்லாம் பொய் சொல்லுதோ?"

வேறொருவராக இருந்தால் ஓம் என்று சொல்லிக் கொட்டிலைப் பூட்டியிருப்பார். இவர் கதிரையை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "அவையள் பொய் சொல்லேல்லை. நாங்கள்தான் எதையோ விட்டிட்டம். அப்பர் எப்பிடி ஊத்துறவர்? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ." நான் சொன்னேன். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார், தோல் வேகாமல், பொறுக்கக்கூடிய கடைசிச் சூட்டில் ஊற்றுவார், ஆற விடமாட்டார். எலிகளுக்கு நாங்கள் கொடுத்ததோ ஆறிய கசாயம்.

பிறகு திருக்கை முள்ளின் நஞ்சைக் கொஞ்சமாக எலியின் பின்காலில் ஏற்றி, மூன்று சட்டி வைத்தோம். சூடான கசாயம், ஆறிய கசாயம், சூடான வெறுந்தண்ணீர். கால்களை நனைத்து எடுத்துத் துடைத்த பிறகுதான் என்னை உள்ளே கூப்பிடுவார்கள். எது எந்தச் சட்டி எலி என்று தெரியாமலே எண்ணினேன். ஆறிய கசாயத்து எலிகள் காலை நக்கிக்கொண்டே இருந்தன. மற்ற இரண்டு கூட்டமும் ஒரேமாதிரி அமைதியாக இருந்தன.

அந்த மாதமே குத்துப்பட்ட ஒருவன் வந்தான். அப்போதிக்கரி என் தகப்பனாரையும் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் இருவரும் பார்த்திருக்க, வெறும் வெந்நீரில் அவன் காலை வைத்தார். சூட்டை முழங்கையால் பார்த்துச் சொன்னவர் என் தகப்பனார். அரை மணித்தியாலத்தில் அவன் சுருட்டுக் கேட்டான்.

தகப்பனார் சட்டியைத் தன் பக்கம் இழுத்து முகர்ந்து பார்த்தார். "அப்ப நாற்பது வருசமா நான் ஊத்தினது வெறுந்தண்ணியோ, தம்பி?"

"இல்லை ஐயா. நீங்கள் ஊத்தினது அளவு தப்பாத சூடு. வேரும் பட்டையும் வெறும் துணை."

"துணைக்கு வந்தவன் மாப்பிளை எண்டு பேர் வாங்கிப்போட்டான்" என்றார் தகப்பனார். மூவரும் சிரித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் அழுதார். அதையும் நான் கண்டேன்.

மீராசாகிபு எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்துத் துரை முதல் பாதியை வைத்துக்கொண்டு சூடு குணமாக்கும் என்ற மறுபாதியை வெட்டினார்: 'சுதேச மருந்து பயனற்றது என நிரூபிக்கப்பட்டது.' கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "முழுசா எழுதுங்கோ, போடுறன்" என்றார் அவர். அடுத்த மாதம் மலைநாட்டுத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார், கையெழுத்துப் போடவில்லை. இப்போது அவர் இறந்த பிறகு நம்மவர்கள் மறுபக்கத்திலிருந்து வெட்டுகிறார்கள். துரை வெட்டியதை அநியாயம் என்று சொல்லும் வாய்கள், தாங்கள் வெட்டுவதைக் கௌரவம் என்கின்றன.

அவர் பெயரில் கல் வைக்கப் போகிறார்களாம். 'மூலிகை கண்டவர்' என்று வெட்டினால் அந்தக் கல்லின் முன் நின்று சத்தம் போடுவேன். எனக்கு வயதாகிவிட்டது, தொண்டைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இன்று தலைமன்னாரிலிருந்து போகும் வள்ளங்களில் அடுப்பும் கேத்தலும் போகின்றன. குத்துப்பட்டால் அங்கேயே தண்ணீர் சுடவைத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, காலை வைக்கிறார்கள். பாதி நாள் கத்திக்கொண்டு யாரும் வருவதில்லை. வேரும் பட்டையும் தேடி ஓடச் சொன்னால் மறுபடியும் கத்துவார்கள்.

யார் எந்த மருந்தைப் புகழ்ந்தாலும் மீராசாகிபு கேட்பது ஒன்றுதான்: "மற்றப் போத்தலில என்ன நடந்தது?" அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி. என் தகப்பனாரின் மருந்திடமே அதைக் கேட்டவன் நான். அந்தக் கல்லிடம் கேட்க மாட்டேனா?