காலை ஒன்பதே காலுக்குப் பார்த்தது

என் பழைய டைரியில், ஆடிப்பெருக்கு நாளின் பக்கத்தில், இப்படி ஒரு வரி இருக்கிறது: "காலை 9.15. மதினியின் இரண்டு ஃபைலிலும் பெட்டிக்கு ஒரே பெயர். பார்த்தேன்." பார்த்த பிறகு என்ன செய்தேன் என்று இல்லை. விழுங்கிய மாத்திரையைக்கூட நேரத்தோடு குறிக்கிறவன் நான்.

மதினி என் அண்ணன் மனைவி. சிவகாசியில் காலண்டர் அச்சிடும் எங்கள் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் ஓடியது நான் எழுதிய ஆர்டர் மென்பொருள்தான். இன்னொரு ஆள் வேண்டும் என்று முதலாளி அண்ணாச்சி கேட்டபோது மதினியைச் சொன்னவனும் நானே. காலண்டர் அச்சாகி வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் திரையை ஒரே ஃபைலில் எழுதியிருந்தேன். சாமி படம், தேதிக் கட்டு, கடைப் பெயர் வரும் பட்டை எல்லாம் அதில் பின்னிக் கிடக்கும். பட்டையை நகர்த்தினால் படம் சாயும். எந்த வரியைத் தொட்டால் எது அசையும் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

வந்த மூன்றாம் வாரம் மதினி அதை மூன்று ஃபைலாகப் பிரித்தார். நான்காவதாக ஒரு சின்ன ஃபைல். மற்ற மூன்றையும் அழைத்து அதனதன் இடத்தில் உட்காரவைப்பது மட்டுமே அதன் வேலை. "காலண்டரையே அட்டை தனி, கட்டு தனின்னு செஞ்சுதான சேக்குறாக, கொழுந்தனாரே? திரையை மட்டும் ஏன் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கீக?" என்று கேட்டார். அந்த அட்டைகளுக்கு நடுவே பன்னிரண்டு வருடம் நடந்த எனக்கு அது தோன்றவில்லை.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளுக்கு மதினியின் திரையைக் காட்டுவதாக ஏற்பாடு. "இன்னைக்கு ஒழுங்கா ஓடட்டும், இனிமே இதையே வச்சுக்கிடுவோம்" என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஓடிவிட்டால் என் பன்னிரண்டு வருடம் ஓரத்துக்குப் போய்விடும். காலையில் மதினியின் ஃபைல்களைத் திறந்தேன், குறை தேடித்தான். கிடைத்தது. படத்தின் கீழே முந்தின நாள் புதிதாகச் சேர்த்திருந்த எழுத்துப் பெட்டிக்கும் பட்டையின் பெட்டிக்கும் ஒரே பெயர். தனித்தனியாக இருக்கும்வரை பிழை தெரியாது. ஒரே திரையில் சேர்ந்ததும், மென்பொருள் முதலில் அகப்படுவதையே எடுத்துக்கொள்ளும். மதினி பக்கத்து மேஜையில்தான் இருந்தார். ஃபைலை மூடினேன்.

பூஜை முடிந்து, ஆமத்தூர் கருப்பட்டிக் கடைக்காரரின் கடைப் பெயரை மதினி தட்டியதும் அது பட்டையில் வராமல் முருகன் காலடியில் போய் நின்றது.

"என்னம்மா, முருகன் எப்பம்மா கருப்பட்டிக் கடை வச்சாரு?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

மதினியும் சிரித்தார். "ஒரு நிமிசம் இருங்க அண்ணாச்சி, முருகனைக் கடையை விட்டு எறக்கிருதேன்." பெரிய திரையோடு இணைத்திருந்த என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, பட்டையின் ஃபைலில் மட்டும் அந்தப் பெயரை மாற்றினார். முடிந்தது. என் ஃபைலாக இருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். ஃபைலைத் தேடும்போதே, கடைசியாகத் திறந்தவற்றின் பட்டியல் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. எழுந்து போகையில் குரலைத் தாழ்த்தி, "காலைலயே பாத்திருக்கீக போலயே, கொழுந்தனாரே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றார். அண்ணாச்சியிடமும் அண்ணனிடமும் அவர் அதைச் சொல்லவே இல்லை.

இப்போது அண்ணனும் மதினியும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மதினி பிரித்து வைத்த ஃபைல்களில்தான் நான் வேலை செய்கிறேன். நேற்று புதிதாக ஒரு பகுதி சேர்க்க, ஐந்தாவது ஃபைல் எழுதினேன். மற்ற எதையும் அசைக்காமல் அது போய்ப் பொருந்தியதைப் பார்க்க இன்னமும் வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அந்த டைரியை எடுத்தேன். முடிந்துபோன பக்கத்தில் நான் கைவைப்பதில்லை. நேற்று மட்டும், "பார்த்தேன்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தேன்: "சொல்லவில்லை."