ஆண்டிச்சாமி வீட்டுத் தண்ணீர்

குருவம்மாள் வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் என்று கரட்டுப்பட்டியில் கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் ஊருக்குள் தண்ணீர் லாரி வந்திருக்குமா என்று கேட்டால் கேலி பேசுகிறவர்கள் கப்சிப் ஆகிவிடுவார்கள்.

கரட்டுப்பட்டி, வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஓடைக்கரையில் இருக்கிற சின்ன ஊர். ஓடைக்கு அக்கரையில் வரிசையாகப் பட்டாசுக் கம்பெனிகள். பட்டாசுக்குள் போகிற ரசாயனத்துக்கு அங்கே மருந்து என்றுதான் பேர். மருந்து கலக்கின டிரம்மையும் சட்டியையும் கழுவிக் கழுவி ஓடையில் விட்டார்கள். ஓடைத் தண்ணீர் ஊர்க் கிணற்றுக்குள் ஊறியது. வருஷம் ஆக ஆகக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைக்க முடியவில்லை. சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும். வேறு வழி? அதைத்தான் குடித்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு ஆட்கள் எதைக் குடித்தாலும், வெளியாள் வந்து தாகம் என்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க மாட்டார்கள். எங்கேயாவது போய்ச் சுமந்து வந்த நல்ல தண்ணீர் ஒரு செம்பாவது ஒவ்வொரு வீட்டிலும் மூடி வைத்திருக்கும். பிள்ளை அழுதால்கூட அதில் கை வைக்கக் கூடாது. அது ஊருடைய மானம்.

குருவம்மாளின் புருஷன் ஆண்டிச்சாமி அவளுக்கு நேர் எதிர். பேசச் சொன்னால் சிரிப்பார். சின்ன வயதிலிருந்தே மருந்து கலக்கும் அறையில் வேலை. அந்த டிரம்களை ஓடையில் கழுவிய கைகளில் அவர் கையும் ஒன்று. கழுவச் சொன்னார்கள், கழுவினார். பிறகு ஒரு நாள் கால் வீங்கியது, முகம் வீங்கியது. மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, இனி கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவே கூடாது என்றார். மருந்தாலா, தண்ணீராலா என்று குருவம்மாள் கேட்டதற்கு அவர் கையை விரித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாசுக் கம்பெனிக் கழிவை என்ன செய்வது என்று மாவட்டத்துக்கு ஒரு திட்டம் எழுதினார்கள். எழுதுவதற்கு முன்னால் விருதுநகரில் கருத்துக் கேட்புக் கூட்டம். நிபுணர்கள் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். முதலாளிகள் சீசன் கெட்டுவிடும் என்று புலம்பினார்கள். குருவம்மாள் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"கழுவுற தண்ணிக்குத் தனித் தொட்டி கட்டச் சொல்லுதீக, நல்லது சார். தொட்டி கட்டி, கெணறு தெளிஞ்சு வார வரைக்கும் நாங்க எதக் குடிக்க? எங்க வீட்டுக்காரரு எதக் குடிக்க? அதையும் அந்தத் திட்டத்துல எழுதுங்க."

எழுதினார்கள்! கிணறு சுத்தமாகும் வரை பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு லாரியில் குடிநீர் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. திட்டம் முழுதும் அதிகாரிகளுடையதாக இருக்கட்டும், அந்த வரி என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். லாரி வந்தது. லாரித் தண்ணீரில் ஆண்டிச்சாமிக்கென்று தனிக் குடம் வைத்தாள். அவர் முகத்து வீக்கம் வடிய ஆரம்பித்தது. வேலைக்குப் போக முடியாவிட்டாலும் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்குத் தேறினார். குருவம்மாளுக்கு அது போதும்.

ரெண்டு வருஷம் போனது. திட்டத்தால் பலன் உண்டா என்று பார்க்க ஆய்வுக்குழு ஒன்று ஊர் ஊராக வந்தது. கரட்டுப்பட்டிக்கு அவர்கள் வந்த நாளில் குருவம்மாள் தான் வேலை பார்த்த கம்பெனியில் பட்டாசுக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்ததும் ஆண்டிச்சாமி, "ஒரு பிள்ள வந்துச்சு. தண்ணி கேட்டுச்சு, குடுத்து விட்டேன்" என்றார். அவளுக்கு அடுப்பு வேலை. சரி என்று விட்டுவிட்டாள்.

ஆய்வு முடிவைச் சொல்ல மறுபடியும் விருதுநகரில் கூட்டம் போட்டார்கள். குருவம்மாள் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயையும் கூட்டிக்கொண்டு போனாள். கரட்டுப்பட்டியின் முறை வந்ததும் அதிகாரி எழுந்து, திட்டம் நல்ல பலன் தந்திருக்கிறது, ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகிவிட்டது, ஆகவே லாரி நிறுத்தப்படும் என்று வாசித்தார். கைதட்டல் வேறு!

"பொய்!" குருவம்மாள் எழுந்துவிட்டாள். "முந்தாநாத்துக்கூட பக்கத்து வீட்டுல அந்தத் தண்ணியில வடிச்ச சோறு மஞ்சளாத்தான் இருந்துச்சு. எவன் வந்து எங்கன தண்ணி மோந்தான்?"

ஆய்வுக்குழுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இசைவாணி என்று பேர். சின்ன வயது. "நான்தாம்மா வந்தேன். கிணத்தடியில கயிறும் இல்ல, வாளியும் இல்ல. வீட்டுக்கு வீடு அவங்கவங்கதான் எடுத்துட்டு வருவாங்கன்னு சொன்னாங்க. அப்ப ஆண்டிச்சாமி ஐயா தன் வீட்டுலயே கிணத்துத் தண்ணி இருக்குன்னு சொல்லி அவரே பாட்டில்ல பிடிச்சுக் குடுத்தாரு."

ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து விட்டேன் என்று ஆண்டிச்சாமி சொன்னது குருவம்மாளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆவுடைத்தாய் திரும்பி அவளைப் பார்த்தாள். எழுந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்பினார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "மாமா, அந்தப் பிள்ளைக்கு எந்தத் தண்ணியக் குடுத்தீக?"

"நல்ல தண்ணிதான்." ஆண்டிச்சாமியின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "என் குடத்துலருந்துதான். பாட்டில ரெண்டு மட்டம் அலசிட்டுல்ல புடிச்சுக் குடுத்தேன்."

"அது கெணத்துத் தண்ணியத்தான கேட்டுச்சு?"

"கேட்டுச்சு. அதப் போயி எப்பிடிக் குடுக்க? வேகாத வெயில்ல வந்த பிள்ள, மதுரைக்குப் போகணும்னுச்சு. வழியில தாகம் எடுத்து அதக் குடிச்சு வச்சுட்டான்னா? பொறவு, நம்மூருத் தண்ணியப் பாத்து ஆபீசருக மூஞ்சியச் சுளிக்கவா? கம்பெனிக்குச் செக்கிங் வந்தா எம்புட்டுக் கூட்டிப் பெருக்கி வப்போம். அதிகாரி வந்தா நல்லதத்தான காட்டணும்?"

அது உண்மை. ஜீப் சத்தம் கேட்டதும் டிரம்மை மறைத்து, தரையைக் கழுவி, கணக்கில் காட்டாத ஆட்களை ஓடைப் புதருக்குள் அனுப்பி, நல்லதை மட்டும் காட்டியே அவருக்கு ஆயுசு கழிந்திருந்தது. குருவம்மாள் அதை நினைத்திருக்கலாம். பொறுத்திருக்கலாம். ஆனால் வயிறு எரிந்தால் வாய் நிற்குமா?

"ஊரையே கவுத்துட்டீகளே மாமா! ஒங்க தண்ணியச் சோதிச்சுட்டு ஊருக் கெணறு நல்லாருக்குன்னு எழுதிட்டாக. லாரிய நிப்பாட்டிட்டாக. இனிமே எல்லாரும் அந்த வெசத்தத்தான் குடிக்கணும். ஒங்களாலதான்!"

ஆண்டிச்சாமி சிரிப்பை மறந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். டம்ளரை வாங்காமல் கேட்டார். "இது எந்தத் தண்ணி?"

"கேன் தண்ணி மாமா. சாத்தூர்லருந்து வாங்கியாரச் சொன்னேன்."

"ஊருல எல்லாருக்கும் கேன் வாங்க முடியுமா? முடியாதவுக எதக் குடிக்காக?"

அவள் டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

"அப்ப எனக்கும் அதையே குடு."

கெஞ்சினாள். ஏசினாள். இருக்கன்குடி மாரியம்மன் மேல் சத்தியம் போட்டாள். அசைந்து கொடுக்கவில்லை மனுஷன். கேன் தண்ணீரைக் கிணற்றுக் குடத்தில் ஊற்றி, இது கிணற்றுத் தண்ணீர்தான் என்று பொய்யும் சொல்லிப் பார்த்தாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். அத்தனை வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்த நாக்குக்கு வித்தியாசம் தெரியாதா? சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பக்கத்து வீட்டில் போய்க் கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கொடுத்தது ஆவுடைத்தாய். முதல் நாள் தெருவில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவள் அவள். கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

குருவம்மாள் விருதுநகர் ஆபீசுக்கு ஓடினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தன் புருஷன் செய்த காரியத்தை அத்தனை பேர் முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. முழுதும் கேட்டார். மறு ஆய்வுக்கு எழுதுவதாகவும், மழை முடிந்ததும் ஆள் வரும் என்றும் சொன்னார். அதுவரை லாரியாவது அனுப்புங்கள் என்று கேட்டாள். அறிக்கையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று இருக்கும்போது லாரிக்குக் கையெழுத்துப் போட வழியில்லையே அம்மா என்றார். வெளியே வரும்போது இசைவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டிருக்கணும்மா, கிணத்தடிக்கு அவரையே கூட்டிட்டுப் போயிருக்கணும் என்று தேம்பினாள். அந்தப் பிள்ளையைத் திட்ட குருவம்மாளுக்கு மனசு வரவில்லை.

மழை வருவதற்கு முன்பே ஆண்டிச்சாமியின் முகம் மறுபடி வீங்கியது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்தார். அங்கே கொடுத்ததைக் குடித்தார். வீட்டுக்கு வந்தால் கிணற்றுத் தண்ணீர்தான். "நாஞ் சொல்லாம இருந்திருக்கணும் மாமா, என் வாயில மண்ணு விழ" என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நீ சொன்னது சரிதான் புள்ள" என்றார். அதற்கு அவள் இன்னும் அழுதாள்.

ஒரு விடியற்காலையில் அவர் போய்விட்டார்.

இறந்தவரைக் குளிப்பாட்ட ஊர்க் கிணற்றிலிருந்து நீர்மாலை எடுத்து வருவது வழக்கம். கொட்டுக்காரர்கள் முன்னால் நடக்க, சொந்தக்காரர்கள் தலைக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு குடங்களோடு கிளம்பினார்கள். தெரு முனையில் ஆவுடைத்தாய் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போறீக? அந்தத் தண்ணியவா அவருக்கு ஊத்தப் போறீக?"

கொட்டுச் சத்தம் நின்றது. ஆவுடைத்தாய் வீட்டுக்குள் போய், வெளியாளுக்கென்று மூடி வைத்திருந்த செம்பைக் கொண்டு வந்து குடத்தில் கவிழ்த்தாள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு செம்பு வந்தது. எதிர் வீட்டில் பாதிக் கேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. குடங்கள் தெருவிலேயே நிறைந்தன. அதையே நீர்மாலையாக எடுத்து வந்தார்கள்.

குளிப்பாட்டும்போது குருவம்மாள் அவர் தலைமாட்டில் நின்றாள். ஒவ்வொரு குடமாக ஊற்ற ஊற்ற அவளால் தாங்க முடியவில்லை. "உசுரோட இருக்கையில ஒரு மடக்குக் குடிக்கலயே மாமா!" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். அன்றைக்கு அந்த வாய்க்கு யாரும் காதைப் பொத்தவில்லை.

அத்தனை நல்ல தண்ணீரும் வாசல் மண்ணில் இறங்கிப் போனது. சாயங்காலம் துட்டி விசாரிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் தாகம் என்று கேட்டபோது, எந்த வீட்டிலும் கொடுப்பதற்கு இல்லை.